கேட்லின்பர்க் போனால் ஆர்வியை எங்கே நிறுத்துவது?

அட்லாண்டா, சார்லட், நாஷ்வில் பக்கம் வசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு நீண்ட வார இறுதி வந்தால் நினைவுக்கு வரும் மலையூர்களில் ஒன்று டென்னசியின் கேட்லின்பர்க். ஹோட்டலில் தங்கியாயிற்று, கேபின் எடுத்தும் பார்த்தாயிற்று, இந்த முறை ஆர்வி (படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் உள்ள வீட்டு வண்டி) ஒன்றை வாடகைக்கு எடுத்து மரங்களுக்கு நடுவே தங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். தங்கலாம். ஆனால் அங்கே ஆர்வி நிறுத்தக் கிடைக்கும் இடங்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபடும். எங்கே நிறுத்தினாலும் பகலில் பார்க்கப்போவது அதே மலை, அதே அருவி. வித்தியாசமெல்லாம் இருட்டிய பிறகுதான் தெரியும். ஏசி ஓடுமா, அம்மா நள்ளிரவில் எழுந்தால் கழிவறை எங்கே, காலையில் ஐந்து பேர் குளிக்கத் தண்ணீர் இருக்குமா? இரவை மனத்தில் வைத்துக்கொண்டு இடத்தைத் தேர்ந்தெடுங்கள் என்பதே நான் சொல்ல வந்தது.

முதலில் ஊரின் அமைப்பு. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்கா டென்னசியிலும் வட கரோலைனாவிலுமாகப் பரந்து கிடக்கிறது. ஆண்டுக்குச் சுமார் 1.2 கோடி வருகைகள் பதிவாகின்றன. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் கூட்டம் அதிகம் வருவது இங்கேதான். நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் 2023 மார்ச் முதல், பூங்காவுக்குள் 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்த பார்க்கிங் டேக் வேண்டும்: நாளுக்கு 5 டாலர், வாரத்துக்கு 15, ஆண்டுக்கு 40. கேட்லின்பர்க் பூங்காவின் வடக்கு வாசலை ஒட்டியிருக்கிறது. அதற்கு வடக்கே பிஜன் ஃபோர்ஜ், இன்னும் வடக்கே செவியர்வில். ஐ-40இல் எக்ஸிட் 407இல் இறங்குகிற கூட்டமெல்லாம் இந்த மூன்று ஊரையும் கோக்கும் ஒரே பெருஞ்சாலையில்தான் ஊர்ந்து வரும். மேற்கில் பூங்காவுக்கு இன்னொரு வாசல் உண்டு, அங்கே டவுன்செண்ட் என்ற சிற்றூர். கேட்லின்பர்க்கிலிருந்து கிழக்கே யு.எஸ். 321 சாலையில் போனால் கிரீன்பிரையர், அதைத் தாண்டினால் காஸ்பி.

பூங்காவுக்குள்ளேயே தங்குவது

மரங்களுக்கு நடுவே தங்குவது மட்டும்தான் நோக்கம் என்றால் பூங்காவின் எல்க்மாண்ட் முகாமுக்கு இணையில்லை. கேட்லின்பர்க்கிலிருந்து சுமார் 8 மைல், ஏறத்தாழ 2,150 அடி உயரம், நடுவில் லிட்டில் ரிவர் பாறைகளில் மோதி ஓடும். இருநூறுக்கும் மேற்பட்ட சைட்கள் (ஒரு வண்டி நிறுத்தித் தங்கும் இடங்கள்) இருந்தாலும் மரங்கள் பிரித்து வைத்திருப்பதால் நெரிசல் கண்ணில் படாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே மரம் வெட்டும் கம்பெனியின் ஊர் இருந்தது. மலைச்சரிவுகளை மொட்டையடித்து ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். அதன் பிறகு வசதியானவர்களின் கோடை வீடுகள் வந்தன. அவற்றில் சில இன்றும் பழுதுபார்த்து வைக்கப்பட்டிருக்கின்றன, நடந்துபோய்ப் பார்க்கலாம். 1934இல் பூங்கா அமைந்த பிறகு காடு தானாகவே திரும்பி வளர்ந்தது. இன்று உங்கள் வண்டிக்கு நிழல் தருவது அப்படித் திரும்பி வந்த காடு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் காட்டுங்கள்; எனக்கு இந்த மலையில் மிகவும் பிடித்த செய்தி இதுதான்.

ஆனால் எல்க்மாண்டில் மின் இணைப்பு இல்லை, சைட்டில் தண்ணீர்க் குழாய் இல்லை, கழிவுநீர் இணைப்பும் இல்லை. ஷவரும் கிடையாது. இந்தப் பூங்காவின் பெரும்பாலான முகாம்களில் இதே நிலைதான். ஃபிளஷ் கழிவறையும் குளிர்ந்த தண்ணீரும் உண்டு, அவ்வளவுதான். இன்னொரு வண்டி இழுத்துவரும் ட்ரெய்லர் 32 அடிக்கு மேலும், தானே ஓடும் மோட்டார் ஹோம் 35 அடிக்கு மேலும் போகக்கூடாது. ஜெனரேட்டரைக் காலை 8 முதல் இரவு 8 வரைதான் ஓட்டலாம். பூங்காவின் முகாம்களில் ஜெனரேட்டரே கூடாத பகுதிகளும் உண்டு, எந்த சைட் என்று முன்பதிவின்போதே பார்த்துவிட வேண்டும். ஒரு சைட்டில் 6 பேருக்கு மேல் தங்க அனுமதியில்லை.

இதில் இரவுக்கு வருவோம். ஜூலையில் கேட்லின்பர்க் பகலில் 85 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். எல்க்மாண்டில் நிழலும் உயரமும் உதவுவதால் நள்ளிரவுக்குப் பின் நன்றாகக் குளிர்ந்துவிடும். ஆனால் எட்டு மணிக்கு ஜெனரேட்டரை அணைத்ததிலிருந்து அதுவரை உள்ள மணிநேரங்களை ஏசி இல்லாமல்தான் கழிக்க வேண்டும். காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் ஜன்னலைத் திறந்தாலும் கொஞ்சம் புழுங்கும். அக்டோபரில் வேறு பிரச்சினை: ஹீட்டர் புரொப்பேனில் எரிந்தாலும் அதன் காற்றாடி பேட்டரியில் சுழல்கிறது. வாடகை வண்டிகளில் பெரும்பாலும் ஒன்றிரண்டு பேட்டரிதான் இருக்கும். இரவு முழுதும் ஹீட்டர் ஓடினால் விடியற்காலையில் பேட்டரி தளர்ந்துவிடும். கூரையில் சோலார் இருக்கிறதே என்று நம்ப வேண்டாம். நீங்கள் ஆசைப்பட்டுத் தேடிய அதே நிழல் சோலாரை முடக்கிவிடும். சாட்டிலைட் இணையத்துக்கும் அதே கதிதான். செல்போன் சிக்னலும் அங்கே எடுக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் விஷயம் நம் குடும்பங்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. ஆர்வியில் நல்ல தண்ணீருக்கு ஒரு டேங்க், குளித்த, பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு ஒன்று, கழிவறைக்கு ஒன்று. வாடகைக்குக் கிடைக்கும் 25 அடி வண்டிகளில் ஒவ்வொன்றும் பொதுவாக 25 முதல் 40 காலன் வரைதான் பிடிக்கும். வாடகைக் கம்பெனியின் விளக்கப் படங்கள் காகிதம் பயன்படுத்துகிறவர்களை நினைத்து எடுக்கப்பட்டவை. நாம் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறவர்கள். கழிவறை டேங்க் அவர்கள் சொல்லும் கணக்கைவிடச் சீக்கிரம் நிரம்பும். நான்கு பேர், இரண்டு இரவு என்றால் சமாளிக்கலாம். மூன்றாவது நாள் கழிவைக் கொட்டப் போக வேண்டியிருக்கும். எல்க்மாண்டிலேயே அதற்கான டம்ப் ஸ்டேஷன் கிடையாது. சுகர்லேண்ட்ஸ் பார்வையாளர் மையத்துக்கு எதிரில் இருக்கிறது. அதற்காக வண்டியை முழுதும் கட்டிப் புறப்பட வேண்டும்.

இத்தனைக்கும் மேலே எல்க்மாண்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது. மே இறுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை, ஒரு வகை மின்மினிகள் அங்கே கூட்டமாக ஒரே தாளத்தில் ஒளிர்ந்து, ஒன்றாக அணையும். சில நொடி முழு இருட்டு, மறுபடி காடு முழுவதும் ஒளி. அந்த நாட்களில் மாலையில் எல்க்மாண்டுக்குள் காரில் போகக் குலுக்கலில் அனுமதி வாங்க வேண்டும். விண்ணப்பிப்பவர்கள் மிக அதிகம், கிடைப்பவர்கள் கொஞ்சம். எல்க்மாண்டில் சைட் பதிவு செய்திருப்பவர்களுக்குக் குலுக்கல் தேவையில்லை, நடந்துபோய்ப் பார்க்கலாம். மேலே சொன்ன அசௌகரியம் அத்தனையையும் அந்த ஒரு வாரத்துக்காகத் தாங்கலாம் என்பேன்.

பூங்காவின் மற்ற முகாம்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கேட்ஸ் கோவ் ஆண்டு முழுதும் திறந்திருக்கும், டம்ப் ஸ்டேஷன் உண்டு, 35 அடி ட்ரெய்லர் வரை ஏற்கும்; ஆனால் கேட்லின்பர்க்கிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் வளைந்து வளைந்து போக வேண்டும். மான்களும் கரடிகளும் மேயும் 11 மைல் ஒருவழிச் சாலைக்குப் பக்கத்திலேயே விடியற்காலையில் இருக்கலாம் என்பதுதான் அதன் பலம். ஸ்மோக்மாண்ட் மலைக்கு மறுபுறம், வட கரோலைனாவில், செரோக்கி ஊருக்கு அருகே. கேட்லின்பர்க்கை மையமாக வைத்துத் திட்டமிடுகிறவர்களுக்கு அது ஒத்துவராது. காஸ்பி அமைதியானது, ஆனால் 25 அடிக்கு மேல் வண்டி கூடாது என்பதால் பல வாடகை ஆர்விகள் அங்கே பொருந்தாது.

மரங்களும் மின்சாரமும் சேர்ந்து கிடைக்கும் தனியார் முகாம்கள்

முதல் தடவை ஆர்வி எடுக்கும் குடும்பத்துக்கும், ஊரிலிருந்து பெற்றோர் வந்திருக்கும் குடும்பத்துக்கும் நான் சொல்வது இவற்றைத்தான். கேட்லின்பர்க்குக்குக் கிழக்கே யு.எஸ். 321 ஓரமாக, கிரீன்பிரையர் பக்கம் ஆற்றங்கரையில் சில இருக்கின்றன. டவுன்செண்டிலும் லிட்டில் ரிவர் கரையில் வரிசையாக இருக்கின்றன. கே.ஓ.ஏ. போன்ற தொடர் நிறுவனங்களின் முகாம்களும் உண்டு, குடும்பமாக நடத்துகிறவையும் உண்டு. கட்டணம் பூங்காவின் முகாமைவிடக் கணிசமாக அதிகம். கோடையிலும் அக்டோபரிலும் இரு மடங்குக்கு மேலேயும் போகும். அந்தக் கூடுதல் பணத்துக்கு இரவு முழுதும் ஏசி, தீராத தண்ணீர், கழிவுநீர் இணைப்பு, சுடுநீர் ஷவர், துணி துவைக்கும் இடம் எல்லாம் கிடைக்கும்.

மின் இணைப்பு என்றதும் வீட்டைப் போல நினைத்துவிடக் கூடாது. 30 ஆம்ப் இணைப்பில் மொத்தம் 3,600 வாட்தான். ஏசி ஒன்றே சுமார் 1,500 வாட் இழுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு 1,800. இரண்டும் ஓடும்போது யாராவது மைக்ரோவேவைத் தட்டினால் பிரேக்கர் விழுந்துவிடும். சமையலுக்கு வண்டியின் கேஸ் அடுப்பையே வைத்துக்கொள்ளுங்கள். தாளிப்பை மட்டும் வெளியே சின்ன கேஸ் அடுப்பில் செய்யுங்கள். வண்டிக்குள் கடுகும் மிளகாயும் வெடித்தால் புகை அலாரம் உடனே அலறும். இரண்டு ஏசி உள்ள பெரிய வண்டி என்றால் 50 ஆம்ப் சைட் கேட்டு வாங்க வேண்டும்.

கழிவுநீர்க் குழாயை இணைத்துவிட்டதால் வால்வைத் திறந்தே வைத்துவிடலாம் என்று தோன்றும். கழிவறை டேங்க் வால்வை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள். தண்ணீர் வடிந்து போய்த் திடக்கழிவு தங்கி இறுகிவிடும். மூடியே வைத்து, பாதிக்கு மேல் நிரம்பியதும் திறந்து, பிறகு குளியல் டேங்கைத் திறந்துவிட்டால் குழாயும் கழுவப்பட்டுவிடும். தண்ணீர் தாராளமாக ஊற்றும் நம் பழக்கம் இங்கே உண்மையிலேயே உதவுகிறது.

இந்த முகாம்களுக்குள்ளும் சைட்டுக்கு சைட் வித்தியாசம் பெரிது. இணையதளத்தில் ஆற்றையும் மரத்தையும் காட்டுவார்கள். முன்பதிவில் கிடைப்பது சரளைக்கல் மைதானத்தின் நடுவரிசையாக இருக்கலாம். நேராக ஓட்டி நுழைந்து நேராகவே வெளியேறும் சைட்கள் பெரும்பாலும் வெட்டவெளியில் இருக்கும். மரத்தடி சைட்களில் பின்னோக்கித்தான் ஏற்ற வேண்டும். எனவே போன் போட்டுக் கேட்பது நல்லது. இந்த எண்ணுள்ள சைட்டுக்குப் பிற்பகல் நிழல் வருமா, வண்டியின் பக்க அறை வெளியே நீளும்போது மரம் தட்டுமா, தரை சமமாக இருக்குமா, ஆற்றுக்கும் சைட்டுக்கும் இடையே எவ்வளவு இறக்கம்? அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு சைட்டையும் நேரில் அறிந்தவர்கள், தயங்காமல் சொல்வார்கள்.

ஆற்றங்கரை சைட் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே ஒரு நிபந்தனையுடன். நீரோசை பக்கத்து வண்டிகளின் பேச்சையும் சாலையின் இரைச்சலையும் மூடிவிடும். தூக்கத்துக்கு அதைவிட நல்லது இல்லை. ஆனால் நடக்கத் தொடங்கிய குழந்தை இருந்தால் வேண்டாம். பெரும்பாலான இடங்களில் தடுப்பு எதுவும் இருக்காது, பாறைகள் வழுக்கும். மலை உச்சியில் ஆண்டுக்கு 85 அங்குலம் வரை மழை பெய்யும் பகுதி இது; கோடையில் பிற்பகல் இடிமழை சாதாரணம். மேலே பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே ஆறு ஏறும்.

கேட்லின்பர்க் பக்கமா டவுன்செண்ட் பக்கமா என்றால் நான் டவுன்செண்ட் பக்கம். அட்லாண்டாவிலிருந்து வருகிறவர்கள் ஐ-75இல் லெனோர் சிட்டி வரை வந்து, யு.எஸ். 321இல் மேரிவில் வழியாகப் போனால் பிஜன் ஃபோர்ஜ் நெரிசலைப் பார்க்காமலே முகாமை அடையலாம். குறுக்கு வழி என்று ஜி.பி.எஸ். யு.எஸ். 129ஐக் காட்டினால் மறுத்துவிடுங்கள். அங்கே 11 மைலில் 318 வளைவுகள், ஆர்வி ஓட்டும் இடமே இல்லை. டவுன்செண்டில் பிள்ளைகள் டியூபில் மிதக்க ஆறு இருக்கிறது, கேட்ஸ் கோவ் அருகில் இருக்கிறது. கேட்லின்பர்க்கின் கடைத்தெருவும் ரோப் காரும் மீன் காட்சியகமும்தான் முக்கியம் என்றால் கிழக்குப் பக்கம் தங்குங்கள். ஊருக்குள் இலவச டிராலி ஓடுகிறது. பார்க்கிங் தேடி அலைய வேண்டியதில்லை. சார்லட்டிலிருந்து ஐ-40இல் வருகிறவர்களுக்கும் அந்தப் பக்கம் வசதி: நியூபோர்ட் அருகே இறங்கி காஸ்பி வழியாக வந்துவிடலாம். 2024 செப்டம்பரின் ஹெலீன் புயல் வெள்ளத்தில் அந்த ஐ-40 மலைப்பாதை அரித்துப் போனதால், புறப்படும் முன் சாலை நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது அவசியம்.

பிஜன் ஃபோர்ஜின் ஆர்வி ரிசார்ட்கள்

நீச்சல் குளம், சமமான கான்கிரீட் தளம், 50 ஆம்ப், டாலிவுட் என்ற கேளிக்கைப் பூங்கா பக்கத்திலேயே. நிழல் குறைவு, பல இடங்களில் அடுத்த வண்டியின் ஜன்னல் கையெட்டும் தூரத்தில் இருக்கும். டாலிவுட்டுக்காகவே போகிறவர்களுக்கு இது போதும். காட்டை நினைத்துப் போகிறவர்கள் ஏமாந்துபோவார்கள்.

மூன்று குடும்பம் சேர்ந்து போனால்

அப்போது ஆர்வியையே விட்டுவிட்டு கேபின் எடுங்கள். பெரிய சமையலறை, எல்லோரும் உட்கார ஒரு கூடம், தனித்தனிப் படுக்கையறை. பதினைந்து பேருக்கு ஆர்வியில் சமைத்து, மழை வந்தால் உட்கார இடமில்லாமல் தவிப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆளுக்கு இவ்வளவு என்று பங்கிட்டால் செலவும் குறையும். ஆர்வி வாடகையோடு பல கம்பெனிகள் மைலுக்கும் ஜெனரேட்டர் மணிக்கும் தனியாக வாங்கும், வண்டி காலனுக்கு 10 மைல் கொடுத்தாலே அதிகம். குளிர்காலத்தில் போவதானால் கேபினுக்குப் போகும் பாதை எவ்வளவு செங்குத்து என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த முகாமானாலும் சில விஷயங்கள்

கூட ஒரு கார் கட்டாயம் வேண்டும். வண்டியை முகாமில் நிறுத்தி, தரையைச் சமப்படுத்தி, குழாயும் கம்பியும் இணைத்த பிறகு அருவி பார்க்க அதையே எடுத்துக்கொண்டு போக யாருக்கும் மனம் வராது. போனாலும் நடைபாதைத் தொடக்கங்களில் காருக்கே காலை ஒன்பதுக்கு மேல் இடம் கிடைப்பது கடினம். ரோரிங் ஃபோர்க் என்ற அழகிய காட்டுச்சாலையில் ஆர்வி, ட்ரெய்லர், பேருந்து எதற்கும் அனுமதியே இல்லை. இரண்டு குடும்பம் போகிறது என்றால் ஒரு குடும்பம் காரில் வரட்டும்.

கரடி உண்மையான விஷயம். பூங்காவில் ஏறத்தாழ 1,900 கருங்கரடிகள் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். சாம்பார் பாத்திரம், எண்ணெய் பட்ட அடுப்பு, குப்பைப் பை, கூலர் எதையும் வெளியே விடாதீர்கள். பத்து நிமிடம் குளிக்கப் போனாலும் வண்டிக்குள் வைத்துப் பூட்டுங்கள். மனிதர் உணவுக்குப் பழகிய கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டி வருகிறது. படம் எடுப்பதற்காக 50 கஜத்துக்குள் நெருங்குவது பூங்காவில் சட்டப்படி குற்றம்.

வீட்டுக்குப் பின்னால் கிடக்கும் விறகைக் கொண்டுபோகக் கூடாது. மரத்தைத் துளைக்கும் பூச்சிகள் அப்படித்தான் ஊர் விட்டு ஊர் பரவின. வெப்பத்தால் பதப்படுத்திச் சான்று பெற்ற விறகுக்கட்டுகளை அங்கேயே கடைகளில் வாங்கலாம். ஸ்மோக்கி மலையின் ஹெம்லாக் மரங்கள் வெளிநாட்டிலிருந்து வந்த சிறு பூச்சியால் ஏராளமாகப் பட்டுப்போய் நிற்கின்றன. எனவே வண்டியை நிறுத்தும் முன் தலையை நிமிர்த்தி மேலே பாருங்கள். பட்ட மரமோ தொங்கும் கிளையோ இருந்தால் வேறு சைட் கேளுங்கள்.

முன்பதிவைப் பொறுத்தவரை, பூங்காவின் முகாம்கள் ஆறு மாதத்துக்கு முன்பே திறக்கும். மின்மினிக் காலத்துக்கும் இலை நிறம் மாறும் அக்டோபர் நடுப்பகுதி வார இறுதிகளுக்கும் திறந்த சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடும். பள்ளிக்கு ஓரிரு நாள் விடுப்பு எடுக்க முடிந்தால் ஞாயிறு முதல் செவ்வாய் வரை எடுங்கள்; அக்டோபரிலேயே சில சைட்கள் அப்போது காலியாக இருக்கும். வெள்ளிக்கிழமை அலுவலகம் முடித்துப் புறப்பட்டு இரவு பத்து மணிக்குப் போய்ச் சேரும் திட்டம் மட்டும் வேண்டாம். எல்க்மாண்டில் தெருவிளக்கு கிடையாது, இரண்டு மரங்களுக்கு நடுவே 25 அடி வண்டியைப் பின்னோக்கி ஏற்ற வெளிச்சமும் பின்னால் நின்று கைகாட்ட ஒருவரும் வேண்டும். ஒரு இரவை வழியிலேயே கழித்துவிட்டு, சனிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேருங்கள்.